வியட்நாமுக்கு ஒரே சீசன் கிடையாது

2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் தொடங்கியது. அப்போதிருந்து வியட்நாம் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது. தேனிலவுக்குப் போகிறார்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் குழுவாகப் போகிறார்கள், தாய்லாந்து அலுத்துப்போன கல்லூரி நண்பர்களும் போகிறார்கள். போய்வந்தவர் சொன்னது, டிராவல்ஸ்காரர் சொன்னது, ரீல்ஸில் பார்த்தது எல்லாம் கலந்து இப்போது அந்த நாட்டைப் பற்றி நம்மிடம் சில நம்பிக்கைகள் கெட்டிப்பட்டிருக்கின்றன. முழுப் பொய் என்று எதையும் தள்ளிவிட முடியாது. பெரும்பாலும் அரை உண்மைகள். அதனால்தான் அவற்றை நம்பி டிக்கெட் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

"நவம்பர் முதல் மார்ச் வரை சீசன், மற்ற மாதமெல்லாம் மழை"

எந்த டிராவல்ஸில் கேட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான். தெற்கே சைகோனுக்கும் (ஹோ சி மின் நகரத்தை ஊர்க்காரர்களே இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்) மேகாங் கழிமுகத்துக்கும் இது ஏறக்குறைய சரி. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே வறண்ட காலம். மே மாதம் தொடங்கும் மழை அக்டோபர், நவம்பரில்தான் விடைபெறும். ஆனால் வியட்நாம் வடக்கு தெற்காகச் சுமார் 1,650 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. இடுப்பு மிகவும் ஒடுங்கிய குவாங் பின் பகுதியில் கடலிலிருந்து லாவோஸ் எல்லைக்கு வெறும் 50 கிலோமீட்டர்தான். இவ்வளவு நீளமான நாட்டுக்கு ஒரே சீசன் சொல்வது காஷ்மீருக்கும் கன்னியாகுமரிக்கும் சேர்த்து ஒரு சீசன் சொல்வது போன்றது.

சிக்கல் நடு வியட்நாமில் இருக்கிறது. நம்மவர்கள் அதிகம் போக விரும்பும் ஹுவே, டா நாங், ஹோய் ஆன் மூன்றும் அங்கேதான். அந்தக் கரையின் முதுகுப்புறம் ட்ருவாங் சோன் மலைத்தொடர் ஓடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை அந்த மலை லாவோஸ் பக்கமே இறக்கிவைத்துவிடும். இந்தப் பக்கம் வருவது காய்ந்த அனல்காற்று மட்டும். ஆகவே சைகோனில் மழை கொட்டும் ஜூன், ஜூலையில் டா நாங் கடற்கரை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். செப்டம்பருக்குப் பிறகு காற்று வடகிழக்கிலிருந்து திரும்பி, கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அதே மலையில் மோதும். அக்டோபரும் நவம்பரும் அந்தக் கரைக்கு அடைமழைக் காலம், புயல் காலம். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் சென்னைக்காரருக்கும் நாகப்பட்டினத்துக்காரருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்கள்தான் ஆயுத பூஜை, தீபாவளி லீவைச் சேர்த்துப் போட்டு, இங்கே பெய்யும் அதே மழைக்கு அங்கே போய் நிற்கிறார்கள்.

அது சாதாரண மழையும் இல்லை. 2025 அக்டோபர் கடைசியில் ஹுவேக்கும் டா நாங்குக்கும் இடையே உள்ள பாக் மா மலையில் 24 மணி நேரத்தில் 1,700 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைப்பதே சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். ஹோய் ஆன் பழைய நகரத்தில் வெள்ளம் என்பது வீட்டுக் கட்டுமானத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட விஷயம். நுயென் தாய் ஹோக் தெருவில் உள்ள டான் கீ வீட்டுக்குள் போனால் எந்த வருடம் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று சுவரில் குறித்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். 1964ஆம் வருடக் கோடு நம் தலைக்கு மேலே இருக்கும். அந்தத் தெருக்களின் பழைய வணிக வீடுகளில் மாடித் தளத்தில் சதுரமாக ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். வெள்ளம் வரும் சேதி கிடைத்ததும் கீழே உள்ள சாமான்களைக் கயிறு கட்டி மேலே இழுத்துவிடுவதற்கு. விளக்குகள் தொங்கும் ஹோய் ஆன் படத்தைக் காட்டி அக்டோபருக்கு பேக்கேஜ் விற்பவர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். விலை ஏன் அவ்வளவு மலிவு என்று நாமும் கேட்பதில்லை.

இதையே தலைகீழாகச் செய்யும் தவறும் உண்டு. 'தெற்கே மழைக்காலம்' என்று பயந்து ஜூலைப் பயணத்தை ரத்து செய்கிறார்கள். சைகோன் மழை பெரும்பாலும் பிற்பகலில் ஓரிரு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். காலை முழுக்க உங்கள் கையில். ஃபூ குவாக் தீவு மட்டும் வேறு கணக்கு. அது தாய்லாந்து வளைகுடாவில் இருப்பதால் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கடற்கரைக்காகப் போவது வீண்.

ஆக, 'வியட்நாமுக்கு எப்போது போகலாம்' என்ற கேள்வியே தவறு. நமக்கு லீவு எப்போது கிடைக்கிறதோ அந்த மாதத்தை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கு ஒத்துவரும் பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளி விடுமுறையில், மே மாதம் போகிறீர்களா? நடுக்கரைக்குப் போங்கள், வெயில் நமக்குப் பழகியதுதான். அக்டோபர் பிற்பாதியா? வடக்கே ஹனோய், நின் பின் பக்கம் போங்கள், வானம் தெளிந்திருக்கும். டிசம்பர், ஜனவரி என்றால் தெற்கு. மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு நான் மார்ச் மாதத்தைச் சொல்வேன். அப்போதும் ஹனோயில் தூறலும் மூட்டமும் இருக்கத்தான் செய்யும்.

இரண்டு தேதிகளை மட்டும் காலண்டரில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் 30, 1975இல் போர் முடிந்த நாள். மறுநாள் மே தினம். இரண்டும் சேர்ந்து அங்கே நீண்ட விடுமுறை. வியட்நாமே கடற்கரைக்குக் கிளம்பிவிடும், அறை வாடகை எகிறும். நம் கோடை விடுமுறை நேராக இதில் போய் இடிக்கிறது. இன்னொன்று தெத் என்னும் சந்திரப் புத்தாண்டு, ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையே வருவது. திருவிழா பார்க்கலாம் என்று ஆசைப்பட்டுப் போகிறவர்கள் பூட்டிய கடைகளைத்தான் பார்ப்பார்கள். அது சொந்த ஊருக்குப் போய்க் குடும்பத்தோடு இருக்கும் பண்டிகை. அதற்கு முன்னும் பின்னும் ரயில், பஸ், உள்நாட்டு விமானம் எதிலும் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

"வெப்ப நாடுதானே, பருத்திச் சட்டை போதும்"

சைகோனுக்குப் போதும். ஜனவரி ஹனோயில் பகலிலேயே 15, 16 டிகிரியைத் தாண்டாத நாட்கள் உண்டு. குளிர் அலை வந்தால் இரவில் 10ஐ ஒட்டி இறங்கும். எண்ணைப் பார்த்து 'ஊட்டி மாதிரிதானே' என்று நினைக்கலாம். ஆனால் அங்கே காற்றில் ஈரம் அதிகம். சின்ன ஓட்டல்களில் அறையைச் சூடாக்க வசதி இருக்காது. துவைத்துப் போட்டது மூன்று நாளானாலும் காயாது. சா பா சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சில குளிர்காலங்களில் அங்கே உறைபனி விழும், அபூர்வமாக வெண்பனியே பொழிவதும் உண்டு.

சா பா என்றதும் எல்லோர் கண்ணிலும் நிற்பது அந்தப் படிக்கட்டு வயல்கள். படத்தில் பச்சைப் பசேலென்றோ தங்க நிறத்திலோ இருக்கும். அங்கே வருடத்துக்கு ஒரு போகம்தான். மே, ஜூனில் தண்ணீர் பாய்ச்சி நாற்று நடுவார்கள், செப்டம்பரில் கதிர் முற்றும், அறுவடை முடிந்தால் அடுத்த நடவு வரை வயல் வெறும் சேறும் தாளும்தான். ஜனவரியில் போனால் பழுப்பு நிறப் படிகளை மூடுபனிக்கு நடுவே தேட வேண்டியிருக்கும். புகைப்படத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்கிறவர்கள், அது எந்த மாதத்துப் படம் என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

"ஒரு வாரத்தில் நாடு முழுக்கப் பார்த்துவிடலாம்"

விமானம் ஏறி ஏறி இறங்கினால் பார்க்கலாம்தான். விமான நிலையங்களை. ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். விரைவு ரயிலுக்கே முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம். ஏழு நாளில் ஹனோய், ஹா லாங், சா பா, ஹோய் ஆன், சைகோன், மேகாங் என்று ஆறு பெயரை வரிசையாகப் போட்டுத் தரும் பயணத்திட்டங்களில் பாதிப் பகல் வண்டியிலேயே போய்விடும். ஒரு வாரம் என்றால் இரண்டு பகுதிக்கு மேல் தொடாதீர்கள். பத்து நாளுக்கு மேல் இருந்தால் ஹனோயில் இறங்கிச் சைகோனில் ஏறுவது போல டிக்கெட் போடுங்கள். போன வழியே திரும்பி வரும் ஒரு நாள் மிச்சம்.

ரயிலை 'மெதுவு' என்று மொத்தமாக ஒதுக்குவதும் சரியில்லை. ஹுவேக்கும் டா நாங்குக்கும் இடையே உள்ள நூறு கிலோமீட்டரில் ஹாய் வான் கணவாய் இருக்கிறது. மேலே சொன்னேனே, மழையைப் பிரித்துவைக்கும் மலை, அதன் ஒரு கை கடல்வரை நீண்டு வந்து நிற்கும் இடம். பஸ்ஸில் போனால் கொஞ்சம் சீக்கிரம் போகலாம், ஆனால் கணவாயைப் பார்க்க முடியாது. 2005இல் திறந்த 6 கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிடும். ரயில் இன்னும் பழைய பாதையில், மலைச் சரிவை ஒட்டி வளைந்து வளைந்து ஊர்கிறது. ஒரு பக்கம் கை நீட்டினால் எட்டும் காடு, மறு பக்கம் நேர் கீழே கடல். ஹுவேயிலிருந்து தெற்கே போகும்போது இடது பக்க ஜன்னல் இருக்கை வாங்க வேண்டும். இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும், ஆகட்டும். ஹோய் ஆனுக்கு ரயிலும் கிடையாது, விமான நிலையமும் கிடையாது. டா நாங்கில் இறங்கி 30 கிலோமீட்டர் காரில் போக வேண்டும்.

ஹா லாங் விரிகுடாவில் படகில் இரவு தங்குவதைப் பயணத்தின் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். காற்று பலமாக இருந்தால் துறைமுக அதிகாரிகள் படகுகளை வெளியே விட மாட்டார்கள். இது உங்கள் ஏஜென்ட் கையில் இல்லை. 2024 செப்டம்பரில் யாகி புயல் அந்தக் கரையைத்தான் நொறுக்கிவிட்டுப் போனது. ஜூலை முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

"விசா அங்கே இறங்கியதும் போட்டுக்கொள்ளலாம்"

இந்தியக் கடவுச்சீட்டுக்கு அப்படி இல்லை. 'ஆன் அரைவல்' என்று சில ஏஜென்டுகள் விற்பதற்கும் முன்கூட்டியே அனுமதிக் கடிதம் வாங்கியாக வேண்டும். கையில் ஒன்றுமில்லாமல் போனால் இங்கேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஃபூ குவாக் தீவுக்கு வெளிநாட்டிலிருந்து நேரே போய் அங்கேயே தங்கித் திரும்புகிறவர்களுக்கு மட்டும் 30 நாள் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு இ-விசா. 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர். அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி.விஎன்' என்று முடியும். தேடினால் அதற்கு முன்னால் வந்து நிற்கும் பளபளப்பான தளங்கள் எல்லாம் தனியார் தரகர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இடறுவது பெயரில்தான். தமிழ்நாட்டுக் கடவுச்சீட்டு பலவற்றில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், இனிஷியலை விரித்துப் பெயரோடு சேர்த்திருப்பார்கள், அல்லது அப்பா பெயரே குடும்பப் பெயராகப் போயிருக்கும். விசாப் படிவத்தில் உங்கள் வழக்கப்படி 'கே. முருகன்' என்று போடக் கூடாது. கடவுச்சீட்டின் அடியில் இரண்டு வரியாக அம்புக்குறிகளோடு அச்சாகியிருக்கிறதே, அதில் எந்த வரிசையில் இருக்கிறதோ அதுதான் உங்கள் பெயர். விமான டிக்கெட்டிலும் அதையே போடுங்கள். பிறந்த தேதியில் நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டு, விமான நிலையத்தில் புது விசாவுக்கு அலைகிறவர்களும் உண்டு. எந்த இடம் வழியாக நுழையப்போகிறீர்கள் என்றும் படிவத்தில் கேட்பார்கள். அதை எழுதிய பிறகு வேறு ஊரில் இறங்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

"அங்கே நாமெல்லாம் கோடீஸ்வரர்கள்"

ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். ஆகவே பத்தாயிரம் ரூபாய் மாற்றினால் கையில் முப்பது லட்சம். சந்தோஷம்தான். ஆனால் சைவச் சாப்பாடோ காபியோ இங்கே விற்கும் விலையைவிட அங்கே அப்படியொன்றும் மலிவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. 20,000 டாங் நோட்டும் நீலம், 500,000 டாங் நோட்டும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின் முகம். இரண்டும் பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பானவை. முதலாவது 65 ரூபாய்ச் சொச்சம், இரண்டாவது 1,600க்கு மேல். இரவில் டாக்ஸிக்குள் அவசரத்தில் எடுத்துக் கொடுத்தால் எது போனது என்று மறுநாள்தான் தெரியும். திருப்பிப் பாருங்கள்: ஹோய் ஆனின் கூரைப் பாலம் இருந்தால் இருபதாயிரம். 500,000 நோட்டை மட்டும் பர்ஸில் தனி அறையில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

"சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டும்"

தாய்லாந்தைவிடச் சைவத்துக்கு வியட்நாம் எளிது என்பது என் கட்சி. மகாயான பௌத்த வழக்கப்படி அங்கே பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் கணக்கில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டி, மரக்கறி மட்டும் சாப்பிடுகிறார்கள். அதற்கென்றே ஊருக்கு ஊர் கடைகள் இருக்கின்றன. பலகையில் 'சாய்' என்ற ஒரு சொல் இருந்தால் போதும், நம்பி உள்ளே போகலாம். பெரும்பாலும் பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. கோயில்கள் நிறைந்த ஹுவே இதற்குப் பேர்போன ஊர். டோஃபுவையும் காளானையும் பலாக்காயையும் வைத்து அவர்கள் செய்யும் வித்தையைப் பார்க்க அசைவர்களும் போகிறார்கள்.

சாதாரண ஓட்டலில் 'கறி வேண்டாம், மீன் வேண்டாம்' என்று சொல்லி வாங்கிச் சாப்பிடுவதுதான் ஆபத்து. மீன் துண்டை எடுத்துவிடுவார்கள், மீன் சாறு ஊற்றித்தான் கொண்டுவருவார்கள். நம் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் அது இருக்கும், அதை அவர்கள் மீனாகவே நினைப்பதில்லை. ஃபோ சூப்பும் அப்படியே. மேலே காய்கறி மிதந்தாலும் அடியில் இருப்பது மாட்டெலும்புச் சாறு.

"சர்வதேச லைசென்ஸ் இருந்தால் பைக் எடுத்துச் சுற்றலாம்"

வாடகைக்குத் தருகிறவர் எதையும் கேட்க மாட்டார் என்பது உண்மை. சட்டம் வேறு. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படி வழங்கும் அனுமதியை. நம் ஆர்.டி.ஓ. அலுவலகம் தருவது 1949 ஜெனிவா ஒப்பந்தப்படியானது. காவலர் பிடித்தால் அபராதத்தோடு போகும். விபத்து நடந்தால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும், அங்கேதான் அடி. ஹா ஜியாங் மலைச்சாலை வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்தால் ஓட்டத் தெரிந்த உள்ளூர்க்காரர் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு இருக்கிறது. நகருக்குள் கிராப் செயலியில் பைக்கே வரும்.

"மீ சோன் சோழர் கட்டிய கோயில்"

வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு இரண்டு முறையாவது இந்தச் செய்தி சுற்றும். ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கும் அந்தச் செங்கல் கோயில்கள் சிவனுக்கானவைதான். ஆனால் கட்டியவர்கள் சாம்பா நாட்டு மன்னர்கள். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் பத்ரவர்மன் என்ற மன்னன் தன் பெயரோடு ஈஸ்வரனைச் சேர்த்து பத்ரேஸ்வரர் என்று அங்கே எழுந்தருளச் செய்தான். தஞ்சையில் பெரிய கோயில் எழுவதற்கு அறுநூறு வருடம் முன்பு. கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் சாம் மொழியிலும் உள்ளன. 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை போனது ஸ்ரீவிஜயத்துக்கு. அவன் மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறது, கடாரமும் இலங்காசோகமும் இலாமுரி தேசமும் அதில் வருகின்றன. சாம்பா இல்லை. சொந்த மொழியும் எழுத்தும் கட்டடக்கலையும் கொண்ட ஒரு மக்கள் ஆயிரம் வருடம் கட்டியதை நம் கணக்கில் எழுதிக்கொள்ளத் தேவையில்லை. அந்தச் சாம் மக்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் இந்து மரபைக் காப்பவர்கள் ஃபான் ராங் பக்கம் போ க்லோங் கராய் கோயிலில் வருடந்தோறும் காதே விழா எடுக்கிறார்கள்.

தமிழர் தொடர்பு வேண்டுமென்றால் அது சைகோனில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே வட்டித்தொழில் நடத்திய நகரத்தார்களும் புதுச்சேரியிலிருந்து வேலைக்குப் போனவர்களும் விட்டுவந்த கோயில்கள். டோன் தட் தியெப் தெருவில் தண்டாயுதபாணி, பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ட்ருவாங் தின் தெருவில் மாரியம்மன். மாரியம்மனுக்கு இன்று வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் வியட்நாமியர், சீனர். கட்டுக்கட்டாக ஊதுபத்தி ஏற்றி, கருவறையின் பின்பக்கக் கல்சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு வேண்டிக்கொள்வார்கள். ரீல்ஸ்காரர்கள் இதைவிட்டு டா நாங் மேலே பா நா மலையின் 'பழங்காலக் கல் கைகள்' தாங்கும் பொன் பாலத்துக்குத்தான் ஓடுகிறார்கள். அது 2018இல் திறந்தது, கைகள் கம்பி வலையும் கண்ணாடியிழையும்.

மீ சோனுக்கு வெறும் இடிபாடு பார்க்கவா என்று சிலர் தயங்குவார்கள். 1969 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சில் அங்கிருந்த மிகப் பெரிய கோபுரம் தரைமட்டமானது. மிஞ்சியவற்றில் மூன்று தொகுதிகளை நம் இந்தியத் தொல்லியல் துறை சீரமைத்தது. அந்த வேலையின்போது 2020 மே மாதம் ஒரே மணற்கல்லில் செதுக்கிய ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. முதலில் டா நாங்கில் உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு மீ சோனுக்குப் போங்கள். அங்கிருந்து பெயர்த்த நல்ல சிற்பங்களை பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், கோயிலில் இப்போது இருப்பது பெரும்பாலும் வெறும் மாடம்தான். மீ சோனுக்குக் காலையில் கதவு திறந்ததும் உள்ளே நுழைந்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் டூர் பஸ்கள் வரத் தொடங்கும், பள்ளத்தாக்கில் காற்று அசையாது, வெயில் தாங்காது.